உன் ஃபைலை நீயே படி!

"அசையாதே. பி.ஆர். கைக்கு வரும்வரை கனடாவைவிட்டு ஒரு அடி எடுத்து வைக்காதே!"

கணவனோ மனைவியோ ஸ்பான்சர் செய்து, விண்ணப்பம் போட்டு, ஏ.ஓ.ஆர். என்கிற ஒப்புகைக் கடிதமும் வந்துவிட்டால், நிரந்தர வசிப்புரிமையான பி.ஆருக்குக் காத்திருப்பவர் காதில் முதலில் விழுகிற வசனம் இது. ஸ்கார்பரோவில் கோயில் அன்னதான வரிசையில் சொல்வார்கள். பிராம்ப்டனில் பக்கத்து பேஸ்மென்ட்காரர் சொல்வார். மதுரையிலிருந்து மாமனார் போனில் சொல்வார். அவர்களில் ஒருவரிடமாவது நீ திருப்பிக் கேட்டதுண்டா, "எந்தச் சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது?" என்று?

கேள். கூச்சப்படாமல் கேள். கேட்டவுடன் எதிராளியின் குரல் இறங்குவதைக் கவனி. அவருக்கும் யாரோ சொன்னதுதான்.

அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள். டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது, வேலையில் லீவும் தருவார்கள். ஆனாலும் நீ போகாமல் உட்கார்ந்திருக்கிறாய், யாரோ எங்கோ "ஃபைல் குளோஸ் ஆகிவிடும்" என்று சொன்னதற்காக. மொழி தெரியாத ஊரில் இறங்கி, பனியில் பஸ் பிடிக்கக் கற்று, வாடகை வீட்டு ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்துக் கையெழுத்துப் போட்டவள் நீ. உன் வாழ்க்கையையே தீர்மானிக்கிற ஒரு ஃபைலை மட்டும் ஏன் படிக்காமல் விட்டாய்?

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்பான்சர் விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று பொதுவான தடை எதுவும் அதில் இல்லை, அதன் கீழ் வந்த விதிகளிலும் இல்லை. போய்விட்டுத் திரும்ப முடியுமா, திரும்ப முடியாமல் போனால் எது கவிழும் என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு ஆளுக்கு ஆள் பதில் மாறும். உன் பதில் உன் ஃபைலுக்குள் இருக்கிறது.

அதைத் திறக்கும் முன் ஒரு பழைய கதையைக் கேள். இந்த நாட்டில் நம் துணைக்கண்டத்து மனிதர்கள் மனைவியை அழைத்துவர என்ன பாடுபட்டார்கள் என்று தெரிந்தால், உன் பயம் எவ்வளவு சின்னது என்று உனக்கே விளங்கும்.

1908-ல் கனடா அரசு ஒரு விதி போட்டது. பிறந்த நாட்டில் வாங்கிய ஒரே டிக்கெட்டில், வழியில் எங்கும் பயணத்தை முறிக்காமல் வந்து சேர்கிறவருக்கே அனுமதி என்றது. இந்தியாவிலிருந்து அப்படி வருவது ஏறக்குறைய முடியாத காரியம் என்று தெரிந்தேதான் போட்டார்கள். அதுவும் போதாதென்று ஆசியர்கள் கையில் 200 டாலர் காட்ட வேண்டும் என்றார்கள். வான்கூவர் மர ஆலைகளில் உழைத்த சீக்கியர்கள் ஊரில் இருந்த மனைவியைக் கூட்டிவர வழியே இல்லை. இந்த நிலைமையில் பாக் சிங், பல்வந்த் சிங் என்ற இருவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். திரும்ப விடுவார்கள் என்ற உத்தரவாதம் யாரும் தரவில்லை. கப்பல் கம்பெனிகள் டிக்கெட் தர மறுத்தன. துறைமுகம் துறைமுகமாக அலைந்து, 1912 ஜனவரியில் குடும்பத்தோடு வான்கூவர் வந்து சேர்ந்தார்கள். ஆண்களை உள்ளே விட்டுவிட்டு, மனைவியரையும் குழந்தைகளையும் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார்கள் அதிகாரிகள்.

அந்த இருவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடுத்த கப்பலைத் தேடினார்களா? ஜாமீன் கட்டினார்கள், நீதிமன்றம் போனார்கள், சமூகமே திரண்டு நின்றது. சில மாதங்களில் அரசு இறங்கி வந்தது. "இது கருணையால் தருவது, இதை முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் அனுமதித்தது. ஆனால் அனுமதித்தது! 1919-ல் மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் அழைத்துவர எல்லா இந்தியருக்கும் வழி திறந்தது. சீனர்களுக்கு இன்னும் கொடுமை. 1923 முதல் 1947 வரை புதிதாக வருவோருக்குக் கதவு அடைபட்டே கிடந்தது. ஏற்கெனவே இங்கிருந்த சீனர் ஊருக்குப் போய் மனைவியைப் பார்க்கலாம். 2 ஆண்டுக்குள் திரும்பாவிட்டால் உரிமை போய்விடும். கல்யாணமாகியும் பிரம்மச்சாரிகளாக வாழ்ந்து முடித்தார்கள் பலர்.

அவர்களுக்குச் சட்டமே எதிரி. உனக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வழியைப் படித்துப் பார்க்கிற வேலை மட்டும்தான் உன்னுடையது. அதையும் செய்யாமல் அழுதுகொண்டிருந்தால் எப்படி?

எழுந்து உட்கார். ஃபைலைத் திற. உன் விண்ணப்பம் இன்லேண்டா, அவுட்லேண்டா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமலே மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவர்கள் உண்டு.

இன்லேண்ட் என்பது கனடாவுக்குள் ஸ்பான்சரோடு சேர்ந்து வாழ்கிற துணைக்கான பிரிவு. சேர்ந்து வாழ்வதுதான் அதன் அச்சாணி. இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தால் அச்சாணி கழன்றுவிடாது. இத்தனை நாள் வரை போகலாம் என்று விதியில் கணக்கும் கிடையாது. ஆனால் திரும்பி வரும்போது விமானத்தில் ஏற்றாமல் விட்டாலோ, எல்லையில் மறுத்தாலோ, 'கனடாவில் சேர்ந்து வாழ்கிறோம்' என்ற அடிப்படையே ஆட்டம் காணும். விண்ணப்பம் மறுக்கப்படலாம், மறுபடி அவுட்லேண்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். இன்லேண்ட் மறுக்கப்பட்டால் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகிற உரிமையும் இல்லை. ஃபெடரல் நீதிமன்றம்தான் கதி. அங்கேயும் முதலில் வழக்காட அனுமதி கேட்க வேண்டும், அதற்கு 15 நாள் கெடு.

அவுட்லேண்ட் அப்படியில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்பது விண்ணப்பத்தின் உயிர்நாடி அல்ல. சென்னையில் இருக்கலாம், துபாயில் வேலை பார்க்கலாம், விசா இருந்தால் டொரன்டோவுக்கு வந்து கணவனோடு வாழலாம், மறுபடி ஊருக்குப் போகலாம். மறுக்கப்பட்டால் ஸ்பான்சர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பலருக்குத் தெரியாத சங்கதி இது: கனடாவுக்குள் இருந்துகொண்டே அவுட்லேண்டில் விண்ணப்பம் போடலாம். முன்பெல்லாம் எந்த முதலாளியிடமும் வேலை பார்க்க விடுகிற ஓபன் வொர்க் பெர்மிட் கிடைக்கும் என்பதற்காகவே இன்லேண்டில் போய் விழுவார்கள். 2023 மே மாதம் அரசு அந்த வசதியைக் கனடாவில் வசிக்கிற அவுட்லேண்ட் விண்ணப்பதாரருக்கும் நீட்டித்தது. ஊரில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள், எப்போது வேண்டுமானாலும் ஓட வேண்டிவரும் என்கிறவருக்கு அவுட்லேண்டே மேல் என்பது என் கட்சி. இதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் படிவத்தை நிரப்பிக் காசு வாங்குகிற கன்சல்டன்ட்டை இன்றைக்கே மாற்று. போட்ட பிறகு நினைத்தபடி வரிசை மாற முடியாது. வாபஸ் வாங்கி, புதிதாகத்தான் போட வேண்டும்.

அடுத்தது திரும்பி வருகிற விசா. நம்மவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். "கையில் வொர்க் பெர்மிட் இருக்கிறதே!" என்று ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வொர்க் பெர்மிட் உள்ளே இருந்து வேலை செய்யத் தரப்படும் அனுமதி, நாட்டுக்குள் நுழைய அது போதாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரருக்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா உயிரோடு இருக்க வேண்டும். அது காலாவதியாகியிருந்தால் கனடாவில் இருந்தபடியே புதிதாக விண்ணப்பிக்கலாம். அதைச் செய்யாமல் திருச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு விசாவுக்கு வரிசை நிற்பது ஏன்? அமெரிக்காவுக்கு மட்டும் போய் நேரே திரும்புகிறவருக்கு ஒரு சலுகை உண்டு. செல்லுபடியாகும் வொர்க் பெர்மிட்டோ ஸ்டடி பெர்மிட்டோ இருந்தால், கனடா விசா முடிந்திருந்தாலும் அந்த ஒரு வழியில் திரும்பலாம். அமெரிக்கா போக அமெரிக்க விசா வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊருக்குப் போகிற வழியில் அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறினாலும் அமெரிக்க விசா வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மலிவு டிக்கெட் பல நேரம் அந்த வழியில்தான் வரும்.

இன்னொரு குழி. வொர்க் பெர்மிட் முடியும் முன் புதுப்பிக்கப் போட்டிருக்கிறாய், முடிவு வரவில்லை, பழைய நிபந்தனையிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறாய் என்று வை. அந்த உரிமை நீ கனடாவுக்குள் இருக்கும்வரைதான். வெளியே போய் வந்தால், உள்ளே விட்டாலும், புதிய பெர்மிட் வரும்வரை வேலைக்குப் போக முடியாது. தெரிந்து போனால் இரண்டு மாதச் சம்பளத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் போவாய். தெரியாமல் போனால், வந்து வேலைக்குச் சேர்ந்த பிறகு அது சட்டமீறலாகிவிடும்.

எல்லாருக்கும் போ என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. அந்தஸ்து காலாவதியாகி, அப்படிப்பட்ட துணையையும் ஏற்கிற 2005-ல் வந்த சலுகைக் கொள்கையின் நிழலில் இன்லேண்டில் போட்டிருக்கிறவர், தலைக்கு மேல் வெளியேற்ற உத்தரவு தொங்குகிறவர், விசா மறுக்கப்பட்ட வரலாறு உள்ளவர் — இவர்கள் விமானம் ஏறினால் திரும்புவது குதிரைக்கொம்பு. இன்லேண்டில் முடிவு நெருங்கி, "இப்போது நீங்கள் கனடாவில்தான் இருக்கிறீர்களா?" என்று இணையத்தில் உறுதி கேட்கிற கட்டத்தில் இருப்பவரும் உள்ளேயே இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வது? இதற்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போன வலியை எந்த பி.ஆர். அட்டையும் ஈடு செய்யாது. ஆனால் ஒன்று சொல்வேன். போகாமல் இருப்பதென்றால், அதையும் காரணம் தெரிந்து, நீயே எடுத்த முடிவாக இருக்கட்டும். ஊரார் பேச்சுக்குப் பயந்து முடங்கியவர், போயிருக்கலாமோ என்று ஆயுளுக்கும் தன்னையே தின்பார். சட்டத்தைப் படித்து, பிள்ளைகளின் எதிர்காலத்தை எடை போட்டு, "நான் இருக்கிறேன், அண்ணா கொள்ளி வைக்கட்டும்" என்று சொன்னவரின் அழுகையில் துக்கம் இருக்கும், குற்ற உணர்ச்சி இருக்காது.

ஈழத்துச் சொந்தங்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஸ்பான்சர் செய்கிறவர் அகதியாக வந்து பி.ஆர். பெற்றவராக, இன்னும் குடியுரிமை எடுக்காதவராக இருந்தால், பயணம் அவருக்குத்தான் ஆபத்து. 2012 டிசம்பர் 15 முதல் சட்டம் கடுமையாகிவிட்டது. தஞ்சம் தேடி விட்டுவந்த நாட்டின் பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்து, அந்த நாட்டுக்கே போய் வந்தால், பாதுகாப்பு தேவையில்லை என்று கருதி அகதி அந்தஸ்தை முடிவுக்குக் கொண்டுவரலாம். அதோடு பி.ஆரும் பறிபோகும். ஸ்பான்சரின் பி.ஆர். போனால் மனைவியின் விண்ணப்பம் எங்கே நிற்கும்? ஈழத்துக் கல்யாணங்கள் பல சென்னையிலும் திருச்சியிலும் நடப்பதற்கு ஜவுளிக்கடை மட்டும் காரணமில்லை. குடியுரிமைதான் இதற்கு மருந்து. தகுதி வந்தும் சோம்பேறித்தனத்தால் அதைத் தள்ளிப் போடுகிற அண்ணன்மாரே, முதலில் அந்தப் படிவத்தை நிரப்புங்கள்!

ஸ்பான்சர் வெறும் பி.ஆர். என்றால் அவர் கனடாவிலேயே வசிக்க வேண்டும் என்பதும் விதி. மனைவியைப் பார்க்க வந்து போகலாம். ஊரிலேயே தங்கிவிடக் கூடாது. குடிமகன் என்றால் வெளிநாட்டில் வாழ்ந்தபடியும் ஸ்பான்சர் செய்யலாம், மனைவிக்கு பி.ஆர். கிடைத்ததும் கனடாவில் வந்து குடியிருப்போம் என்று காட்டினால் போதும்.

ஊரில் காத்திருக்கிற தங்கையே, தம்பியே, உங்களுக்குப் பயணம் எதிரி இல்லை, சாட்சி. அதிகாரி தேடுவது இந்தத் திருமணம் உண்மையானதா, குடியேறுவதையே முக்கிய நோக்கமாகக் கொண்டு நடந்ததா என்பதை. இருவரில் ஒருவராவது நேரில் இல்லாமல், போனிலோ இணையத்திலோ பதிலாளை வைத்தோ நடந்த கல்யாணத்தை 2015 ஜூன் முதல் ஏற்பதில்லை. தாலி கட்டியபின் கணவன் ஒருமுறையாவது பறந்து வந்தானா, இருவரும் எங்காவது சேர்ந்து போனீர்களா என்பதற்கு போர்டிங் பாஸும் பாஸ்போர்ட் முத்திரையும் பேசும். ஆயிரம் பேர் சாப்பிட்ட ரிசப்ஷன் ஆல்பத்தைவிட, இரண்டு பேரும் சேர்ந்து போன இரண்டு பஸ் டிக்கெட் அதிகம் பேசும் என்பேன். கனடாவுக்கு விசிட்டராகப் போய்க் கணவனோடு கொஞ்ச நாள் இருக்க முயற்சி செய். "பி.ஆருக்குப் போட்டிருக்கிறாய், விசிட் விசா எப்படித் தருவார்கள்?" என்று கேட்பவரிடம் சட்டத்தின் 22-ஆம் பிரிவைக் காட்டு. நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதே தற்காலிகமாக வருவதற்குத் தடையாகாது, அனுமதித்த காலம் முடிந்தால் கிளம்பிவிடுவேன் என்று அதிகாரியை நம்ப வைத்தால் போதும் என்கிறது அது. வேலைக்காக வேறு நாடு போவதும் தப்பில்லை. அங்கே தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வசித்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும், முகவரி மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். இவையெல்லாம் டைரியில் குறித்துக்கொள்கிற சமாச்சாரங்கள். தூக்கம் கெட வேண்டியவை இல்லை.

எல்லையில் அதிகாரி முன் நிற்கும்போது நடுங்காதே. "ஏன் வருகிறாய்?" என்றால், "என் கணவரோடு இருக்க. எங்கள் ஸ்பான்சர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, இதோ கடிதம்" என்று நிமிர்ந்து சொல். யாரோ சொல்லிக்கொடுத்தபடி "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று உளறினால், பொய் சொன்னதற்கு 5 ஆண்டுத் தடை என்பது அதே சட்டத்தில் இருக்கிறது. உண்மையைச் சொல்ல மனப்பாடம் தேவையில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். உன் பாஸ்போர்ட் யார் பீரோவில் இருக்கிறது? விண்ணப்பத்தின் லாகினும் பாஸ்வேர்டும் யாரிடம்? "பத்திரமாக இருக்கட்டும்" என்று மாமியார் வாங்கி வைத்திருக்கிறார் என்றால், இன்றே கேட்டு வாங்கு. "ஊருக்குப் போனால் ஸ்பான்சரைக் கேன்சல் செய்துவிடுவேன்" என்று கணவன் மிரட்டுகிறானா? பி.ஆர். ஆகும் முன்புவரை அவனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடியும் என்பது உண்மை. பி.ஆர். ஆன பிறகு அவனால் ஒன்றும் பிடுங்க முடியாது. இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் பி.ஆர். நிலைக்கும் என்று 2012-ல் போட்ட நிபந்தனையை 2017 ஏப்ரலிலேயே நீக்கிவிட்டார்கள். உன்னை 3 ஆண்டு தாங்குவேன் என்று அவன் அரசுக்குக் கொடுத்த உறுதிமொழி விவாகரத்தானாலும் அவனை விடாது. பி.ஆர். வருவதற்கு முன்பே அடியும் உதையும் என்றால் அதற்கும் வழியுண்டு. 2019 ஜூலை முதல் குடும்ப வன்முறைக்கு ஆளானவருக்கென்று கட்டணமில்லாத தற்காலிக வசிப்பு அனுமதி இருக்கிறது. உன் அந்தஸ்து அவன் வாயில் இல்லை, தாயே!

விண்ணப்பத்தை மறுத்துவிட்டால்? மேவிஸ் பேக்கரைத் தெரிந்துகொள். 1981-ல் ஜமைக்காவிலிருந்து விசிட்டராக வந்தவர். காகிதம் இல்லாமல் 11 ஆண்டு வீட்டுவேலை செய்து பிழைத்தவர். கனடாவில் நான்கு பிள்ளைகள் பெற்றவர். 1992-ல் நாடு கடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. இங்கேயே இருக்க விடுங்கள் என்று மனு கொடுத்தார், மறுத்தார்கள். ஏன் என்று கேட்டார். அதிகாரியின் குறிப்புகளை வாங்கிப் பார்த்தால், அதில் நியாயத்தைவிட இளக்காரமே அதிகம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1999-ல் அவர் வென்றார். இப்படிப்பட்ட முக்கிய முடிவுகளுக்கு எழுத்தில் காரணம் தர வேண்டும், பாரபட்சம் இருக்கக் கூடாது, பிள்ளைகளின் நலனைப் பொருட்படுத்த வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கனடாவின் சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். பணமோ பதவியோ இல்லாத ஒரு வீட்டுவேலைக்காரப் பெண் 'ஏன்' என்று கேட்டு ஒரு நாட்டின் நிர்வாகச் சட்டத்தையே நிமிர்த்தினார். உன் ஃபைலில் அதிகாரி எழுதிய குறிப்புகளை நீயும் கேட்டு வாங்கலாம். தகவல் பெறும் சட்டத்தில் 5 டாலர் கட்டணம். சந்தேகம் எழுப்பி அதிகாரிகள் கடிதம் அனுப்பினால் அதை மறுப்பாக நினைத்து ஒடிந்து போகாதே. பதில் சொல்ல உனக்குத் தருகிற வாய்ப்பு அது. கெடு தேதிக்குள், ஆதாரத்தோடு, தெளிவாகப் பதில் எழுது. அப்படியொரு கடிதம் வரும்போது உரிமம் பெற்ற வழக்கறிஞருக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

சரி, இன்று இரவுக்கு வேலை சொல்கிறேன். விண்ணப்ப நகலை எடுத்து, நீ இருப்பது இன்லேண்டா அவுட்லேண்டா என்று பார். பாஸ்போர்ட்டைத் திறந்து விசா எந்தத் தேதியில் முடிகிறது, எத்தனை முறை நுழையலாம் என்று பார். வொர்க் பெர்மிட் தேதி, மருத்துவப் பரிசோதனை தேதி இரண்டையும் அதன் பக்கத்தில் எழுது. லாகின் உன் கைக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்று. ஏ.ஓ.ஆர். கடிதம், திருமணச் சான்று, வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கைப்பையில் வை. பெட்டியில் போடாதே, எல்லை அதிகாரி கேட்கும்போது பெட்டி பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாத் தேதியும் ஒத்து வந்தால், போகவும் வரவும் சேர்த்தே டிக்கெட் போடு. அமெரிக்க வழி வேண்டாம். பிறகு அப்பாவுக்கு போன் செய்து, எந்த ஃபிளைட்டில் வருகிறாய் என்று சொல்.